சின்னவள் தட்டு

பேரீச்சம்பழம் கீறுவதில் பெரியவளை மிஞ்ச ஆள் கிடையாது. இதை அவள் தன் வாயால் சொல்லமாட்டாள். யாராவது சொல்வார்கள் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். ஒருத்தரும் சொல்கிற வழியாக இல்லை.

கொட்டையை எடுத்துவிட்டு உள்ளே பாதாமோ முந்திரியோ வைத்து மூடுகிற வேலைதானே, இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் ஒரு பெட்டிப் பழத்தோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெட்டிக்குள் பழங்கள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு வரும். தோல் பிய்யாமல் பிரித்து, ஈரத்துணியால் துடைத்து, வெள்ளைத் துணியில் பரப்பி ஃபேன் காற்றில் ஈரம் போக விட வேண்டும். பிறகு காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, சின்னக் கத்தியால் ஒரு பக்கம் மட்டும் கீற வேண்டும். கத்தி கொட்டையைத் தொட்டதும் நின்றுவிட வேண்டும். கீறலைப் பிளந்து, கறுப்புப் பொடி இருக்கிறதா, பூச்சி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொட்டையை நெம்புவாள் பெரியவள். பருப்பைச் சிறு தீயில் வறுத்து முழுக்க ஆறவைப்பாள். சூட்டோடு வைத்து மூடினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பூத்துவிடும். எல்லாம் முடிந்து, விரலில் துளி நெய் தொட்டுக்கொண்டு கீறலை அழுத்தி மூடினாள் என்றால், அது கொட்டை எடுத்த பழமா எடுக்காத பழமா என்று அவளுக்கே சந்தேகம் வரும்.

வேலை நடப்பது வீட்டின் பின்னறையில். நீள மேசை, இரண்டு ஸ்டூல், ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் யாருடைய வீட்டுச் சுவரோ. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெரியவள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பழம் கீறுகிறாள். மாமியார் எடை போட்டு டப்பாவில் அடைப்பாள். கடையிலிருந்து ஆள் வந்து எடுத்துப் போவான். கடைத்தெரு முனையில் அந்தக் கடை. அங்கே வாங்கித் தின்கிறவர்களுக்குப் பெரியவள் என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. டப்பாக்களுக்கு மேலே ‘சர்க்கரை சேர்க்காத சத்துப் பண்டம்’ என்று அட்டை தொங்கும். “பழமே சர்க்கரை, இதுக்கு மேல எவன் வந்து சேர்க்கப் போறான்” என்பாள் மாமியார்.

அந்தப் பின்னறைக்குத்தான் சின்னவள் வந்து சேர்ந்தாள். கொழுந்தன் பெண்டாட்டி. பழத்தைக் கீறச் சொன்னால் கிழித்தாள். மூடச் சொன்னால் மூட வரவில்லை. சரி, மூடாமலே விடுவோம் என்று பழத்தின் வாயைத் திறந்தபடி விட்டு, பாதாம் வெளியே எட்டிப் பார்க்கிற மாதிரி சொருகி, மேலே நாலு வறுத்த எள்ளைத் தூவினாள். போதாக்குறைக்குப் பாதாமை வறுக்கும்போது உப்புத் தண்ணீர் வேறு தெளித்தாள். இனிப்புப் பண்டத்துக்கு உப்பு. வேலை தெரியாதவள் செய்த கோணல் என்றுதான் பெரியவள் நினைத்தாள். கடையில் அந்தக் கோணல்தான் முதலில் விற்றுத் தீர்ந்தது.

மாமியார் தலைகீழாக மாறிப்போனாள். “பார்த்தியா, கண்ணுக்கு எவ்வளவு லட்சணமா இருக்கு” என்று சின்னவள் செய்ததை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாள். பெரியவள் செய்ததை அந்தக் கை ஒரு நாளும் அப்படி ஏந்தியதில்லை. நேராகத் தராசுக்குத்தான் போகும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு நாள் அவள் புருஷன் மேசைமேல் கிடந்த ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். மென்றான். இன்னொன்று எடுத்தான்.

“நல்லாருக்கே இது. லேசா உப்பு தட்டுது.”

“அது சின்னவ பண்ணது” என்றாள் பெரியவள்.

“அதானே பார்த்தேன்” என்றான் அவன்.

‘அதானே’ என்று அவன் ஒன்றும் யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமல் வந்ததுதான் அவளுக்கு எரிந்தது. அன்று முழுக்க அவனுக்குத் தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் டொக்கென்று வைத்தாள். என்ன குற்றம் செய்தோம் என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

இப்படிப் புகைந்துகொண்டிருந்த நாளில் கடைக்காரம்மா வீட்டுக்கே வந்தாள். புதிதாகப் பல் கட்டியிருந்தாள். மேல் வரிசை முழுக்க. சிரித்தால் முதலில் பல்தான் தெரிந்தது. “என் சொத்துல பாதி இப்ப வாய்க்குள்ளதான் இருக்கு” என்று தானே சொல்லிச் சிரித்தாள்.

“கடை வாசல்ல கண்ணாடி வச்சு ஒரு மேடை போடுறேன்க்கா” என்று மாமியாரிடம் ஆரம்பித்தாள். “உங்க மருமக ஒருத்தி அங்க வந்து உக்காந்து, ஜனங்க பார்க்கப் பார்க்க பழத்துல பருப்பு வைக்கணும். சுத்தமா செய்யறத கண்ணால பார்த்தா வாங்காதவன்கூட வாங்குவான்.”

“ரெண்டு பேருல யாரு வரணும்?”

“அத என் நாக்கு சொல்லட்டும். ஆளுக்கு ஒரு தட்டு பண்ணி வைங்க. நாளைக்குக் காலைல வரேன். மெதுவாத்தான் திம்பேன், அவசரப்படுத்தக் கூடாது.”

பெரியவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் தான் உட்கார்ந்திருப்பது அப்போதே கண்ணில் வந்துவிட்டது. சலவைப் புடவை, பின்னி முடிந்த தலை, எதிரே சுவர் இல்லை, தெரு. நின்று பார்க்கிற முகங்கள். ‘இத்தனை நாளா நாம தின்னது இந்தக் கை செஞ்சதா’ என்று ஒரு ஆளாவது நினைக்கமாட்டானா? அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அது வேண்டும் என்று அவள் வாழ்க்கையில் எதையும் கேட்காத அளவுக்குக் கேட்டாள், மனசுக்குள்.

“உங்களுக்குத்தான் அக்கா கிடைக்கும். நீங்கதானே மூத்தவங்க” என்றாள் சின்னவள், பெட்டியைப் பிரித்துக்கொண்டே.

“நாக்கு மூப்பு பார்க்குமா?” என்றாள் பெரியவள்.

அன்று காலையிலிருந்தே மழை வரும் வரும் என்று மிரட்டிக்கொண்டிருந்த வானம் பெய்யவில்லை. காற்றே இல்லை. அந்தப் புழுக்கத்தில் பழம் விரலில் ஒட்டியது, கத்தியில் ஒட்டியது. மதியத்துக்குள் சின்னவள் தன் தட்டை முடித்து, ஈ மொய்க்காமல் வலை மூடி வைத்துவிட்டுக் கை கழுவினாள்.

“நான் தையல்காரர்கிட்ட போயிட்டு வந்துடறேன்க்கா. ஜாக்கெட் தச்சு வச்சிருக்காராம்.”

“இப்ப என்ன ஜாக்கெட்டுக்கு அவசரம்?”

“ஒருவேளை எனக்குக் கிடைச்சா போட்டுக்கலாமேன்னுதான்” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஒருவேளையாம். ஒருவேளைக்கு யாராவது ஜாக்கெட் தைப்பார்களா? மாமியார் முன்னறையில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். பெரியவள் தன் தட்டை முடித்தாள். ஒரு பழத்திலும் கீறல் தெரியவில்லை. பிறகு அடுத்த தட்டின் வலையைத் தூக்கினாள். சும்மா பார்க்கத்தான்.

பார்த்தால் ஒரு பழம் கோணலாகக் கீறியிருந்தது. ஒன்றில் நார் வெளியே தொங்கியது. பாதிப் பழங்களின் உதடு கிழிந்திருந்தது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? இதற்கா புருஷன்காரன் இன்னொன்று எடுத்தான்? மேசையோரத்துக் கிண்ணம் நிறையக் கொட்டைகள். அவற்றில் ஒன்று எப்படியோ அவள் விரலுக்கு வந்துவிட்டது.

ஒரே ஒரு கொட்டை. கடித்ததும் கடைக்காரம்மா, கொட்டை எடுக்கக்கூடத் தெரியாதவளா இவள் என்று கேட்க வேண்டும். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. கட்டின பல் அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை. பொறாமைக்குக் கண் எதிராளி மேல் மட்டும்தான்.

மூலையில் இருந்த பழத்திலிருந்து பாதாமை எடுத்துவிட்டுக் கொட்டையை உள்ளே திணித்தாள். ஏற்கெனவே கிழிந்த உதடு கடைசிவரை கிழிந்துபோயிற்று. இது உதவாது. புதுப் பழமாக, நீளமாக ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கீறினாள். கொட்டையை எடுக்காமல் விடுவது அவள் கைக்கு அதுதான் முதல் தடவை. கத்தி முனை தானாக நெம்பப் போயிற்று, பிடித்து நிறுத்தினாள். கொட்டைக்கு மேலேயே ஒல்லியான பாதாமாகப் பார்த்துப் படுக்கவைத்து, சின்னவள் செய்கிற மாதிரி வாயைத் திறந்து விட்டு, எள்ளைத் தூவி மூலையில் வைத்தாள்.

வைத்ததும்தான் விபரீதம் தெரிந்தது. கிழிசல் பழங்களுக்கு நடுவில் அது ஒன்று மட்டும் கல்யாணத்துக்கு வந்ததுபோல் நின்றது. இரண்டு உதடும் ஒரே அளவு. நார் இல்லை. பார்க்கிறவர் கண் நேராக அங்கேதான் போகும். இது வேறு கை என்று மாமியாரே சொல்லிவிடுவாள். சரி, பக்கத்தில் இருப்பதையும் கொஞ்சம் ஒழுங்காக்கி வைப்போம் என்று அதைப் பிரித்து, அந்தப் பாதாமையே ஒரு புதுப் பழத்தில் வைத்தாள். இப்போது இரண்டு பழம் தனியாகத் தெரிந்தன. மூன்றாவதை எடுத்தாள். அந்த வரிசை முடிந்தபோது அடுத்த வரிசை அசிங்கமாக இருந்தது.

எந்த இடத்தில் பயம் போயிற்று என்று அவளுக்கே தெரியாது. பாதித் தட்டுக்கு மேல் மாட்டிக்கொள்வோமே என்பதற்காக அவள் செய்யவில்லை. கிழிந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவள் கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நடுவில், பிரித்துப் போட்ட பழம் ஒன்றை அந்த உப்புப் பாதாமோடு வாயில் போட்டுப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. மிச்சக் கிழிசல்களைப் பிசைந்து ஒரு டப்பாவில் அமுக்கி அலமாரியின் மேல்தட்டில் ஒளித்தாள். கடைசிப் பழத்தை வைத்துவிட்டுப் பார்த்தபோது, சின்னவள் தட்டில் சின்னவள் செய்த பழம் ஒன்றுகூட இல்லை.

வலையை மூடினாள். கொட்டைப் பழம் மூலையில் இருந்தது.

காலையில் கடைக்காரம்மா வந்து உட்கார்ந்ததும் மாமியார், “இந்த அலுமினியத் தட்டுலயா குடுக்கிறது” என்று சொல்லி, இரண்டு தட்டுகளையும் உள்ளே எடுத்துப் போய் பழங்களைப் பீங்கான் தட்டுகளில் மாற்றிக்கொண்டு வந்தாள். மூலை எது, நடு எது என்று அடையாளமே இல்லை. எல்லாம் வட்டமாக அடுக்கியிருந்தது.

கடைக்காரம்மா சிரித்தாள். அந்த மேல்வரிசை பளிச்சென்று மின்னியது. அப்போதுதான் பெரியவளுக்கு அந்தக் கட்டின பல் நினைவுக்கு வந்தது. பல் உடைந்தால் மேடை மட்டுமா போகும்? கடையே போகும். இந்த வீட்டு அடுப்பே அந்தக் கடையை நம்பித்தான் எரிகிறது.

முதலில் பெரியவள் தட்டு. கடைக்காரம்மா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மென்றாள். “சுத்தமா இருக்கு. ஆனா உள்ள பருப்பு இருக்கிறதே வாய்ல போட்டாத்தான் தெரியுது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிறவனுக்கு என்ன தெரியும்?” என்றாள். பிறகு சின்னவள் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள்.

“பார்த்துச் சாப்பிடுங்க” என்று பெரியவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

“ஏம்மா, ஓரகத்தி மேல அவ்வளவு நம்பிக்கையா?” என்று கடைக்காரம்மா கடித்தாள்.

மென்றாள். ஒன்றும் இல்லை. இன்னொன்று எடுத்தாள். அதிலும் ஒன்றும் இல்லை. மூன்றாவதைத் தின்னாமல் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

“இதுவரைக்கும் நீ அனுப்பினது ஒண்ணும் இந்த மாதிரி இருந்ததில்லையே” என்றாள் சின்னவளிடம். “உதடு ரெண்டும் அளவெடுத்த மாதிரி இருக்கு. ஒரு கிழிசல் இல்ல, நார் இல்ல. இந்தக் கைதான் எனக்கு வேணும். பத்து பேரு நின்னு பார்ப்பான்.”

பெரியவளுக்கு ஒரு நொடி சந்தோஷம் பொங்கியது. வாழ்நாளெல்லாம் காத்திருந்த வார்த்தை. மறுநொடி அது யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பது உறைத்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானையாவது தன் தலை என்று தெரியாமல் போடுகிறது.

சின்னவள் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெற்றி சுருங்கியிருந்தது. பெரியவளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, இது வந்து...” என்று வாயைத் திறந்தாள்.

“என்ன வந்து போய்? செஞ்ச கையும் ஒண்ணு சாப்பிடட்டும்” என்று கடைக்காரம்மா கையிலிருந்த பழத்தை அவள் திறந்த வாயிலேயே போட்டாள்.

சின்னவள் கடித்தாள். கடித்த தாடை அப்படியே நின்றது. பெரியவள் அதைப் பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை. சின்னவளின் கண் மெதுவாகப் பெரியவள் பக்கம் திரும்பி, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவள் நாக்கால் எதையோ ஒதுக்கினாள். வலது கன்னம் லேசாகப் புடைத்தது. மெல்ல மென்று விழுங்கினாள்.

“என்னமோ சொல்ல வந்தியே” என்றாள் கடைக்காரம்மா.

சின்னவள் தலையை ஆட்டினாள். ஒன்றுமில்லை.

“அப்ப நீதான். மேடை தயாரானதும் வந்துடு. வரியா?”

“ம்.”

“என்னடி ம்? வாய்ல என்ன கொழுக்கட்டையா? வரேன்னு சொல்லு” என்றாள் மாமியார்.

“வதேன்” என்றாள் சின்னவள்.

கூச்சப்படுகிறாள் என்று இருவரும் சிரித்தார்கள். கடைக்காரம்மா கிளம்பி, மாமியார் அவளைத் தெருமுனை வரை கொண்டுவிடப் போனபிறகு, சின்னவள் பின்னறைக்கு வந்தாள். பெரியவள் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் கொட்டையை உள்ளங்கையில் துப்பி, குழாயில் கழுவி, மேசைமேல் அவள் முன்னால் வைத்தாள்.

“தட்டப் பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு அக்கா. நான் பண்ணது இல்லன்னு. இந்த வீட்டுல அப்படிக் கீற உங்களத் தவிர யாருக்கு வரும்?”

பெரியவள் கொட்டையைப் பார்த்தாள்.

“சொல்லத்தான் வாயத் தொறந்தேன். இது எங்க அக்கா கை, நீங்க கேக்கிற கை அதுதான்னு. தொறந்த வாய்ல அவங்க பழத்தப் போட்டுட்டாங்க.” கொட்டையை விரலால் சுண்டினாள். அது உருண்டு பெரியவள் கைமேல் இடித்து நின்றது. “இதுக்கு அப்புறம் நான் ஏன் சொல்லணும்?”

“சொல்ல வேண்டாம்தான்” என்றாள் பெரியவள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“எனக்கும் ஆசை இருக்கு. இல்லாம ஜாக்கெட் தைக்கல. ஆனா உங்ககிட்ட இருந்து பிடுங்கிக்கணும்னு நினைக்கல.”

இந்த இடத்தில் பெரியவள் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்க வந்தது உண்மை. ஆனால் அதற்கும் முன்னால் வந்து நின்றது இன்னொரு எரிச்சல். இவளுக்கு மட்டும் எப்படி இப்படி வருகிறது? முதலில் அந்த உப்பு, அப்புறம் அந்தச் சிரிப்பு, இப்போது இந்த நியாயம். எல்லாமே இவளுக்கே. அந்த எரிச்சல் போகாமல் மன்னிப்பு வாய்க்கு வராது, அது சுலபத்தில் போகிறதாகவும் இல்லை.

சின்னவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“இப்ப அவங்களுக்கு அந்த மாதிரியே வேணும். எனக்கு வராதுன்னு உங்களுக்கே தெரியும். கண்ணாடிக்குள்ள உக்காந்து நாலு பேரு முன்னாடி கிழிச்சா மானம் போயிடும்.”

“பருப்பு வைக்கிறதுதானே அங்க வேலை” என்றாள் பெரியவள். “கீறி வைக்கிறேன். எடுத்துட்டுப் போ.”

“தினமுமா?”

“தினமும்தான்.”

எழுந்து போய்ப் புதுப் பெட்டியைப் பிரித்தாள். பழங்களைப் பிய்யாமல் பிரித்துத் துடைத்துப் பரப்பினாள். ஈரம் போனதும் கத்தியை எடுத்துக் கீறினாள். வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, கொட்டையை நெம்பிக் கிண்ணத்தில் போட்டு, பழத்தை நீட்டினாள். சின்னவள் வாங்கிக்கொண்டாள். வாங்கியதைத் தட்டில் வைக்கவில்லை. சுண்டுவிரலைக் கீறலுக்குள் விட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவிப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் வைத்தாள்.

அடுத்த பழத்தையும் அப்படியே செய்தாள். அதற்கு அடுத்ததையும். பெரியவள் கீறிய பழத்தை அந்த வீட்டில் இதுவரை யாரும் அப்படிச் சோதித்துப் பார்த்ததில்லை.